கார்டில் நான் ஊற்றிய தண்ணீர்

பால் சொசைட்டியில் பரிசோதனை செய்கிறவளிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். வாளியை நீட்டுவார்கள், ரீடிங் குறைந்தால் முறைப்பார்கள், அவ்வளவுதான். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே காலையும் மாலையும் பாலைச் சோதித்து வாங்குவது ஒன்பது வருடமாக என் வேலை. போன மாதம் ஒரு அக்கா பால் ஊற்றிவிட்டுப் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஃபேட் கம்மியாகப் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வரப்போகிறார் என நினைத்து நானும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தார்.

"ரெஜினா, தப்பா நெனைக்காத. நீ கள்ளக்குறிச்சில பாத்தியே, அந்த டாக்டரு எந்தக் கெழமைல இருப்பாரு? எங்க சின்னப் பொண்ணு ஒரு மாதிரியா இருக்குது" என்றார்.

கிழமையைச் சொன்னேன், சீட்டு எங்கே வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்கு வந்தபோது இப்படிப் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் அந்தோணி கரியாலூரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்து மலை ஏறினால் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் இறங்குவார். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. இதெல்லாம் நடந்தபோது அவளுக்கு நாலு வயது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள்.

மலையில் டவர் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவரும் போகும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் போன் போட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்ன நிமிடத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அவர் என்னை விட்டுவிட்டார் என்பது மட்டும் மிஞ்சும். அது சந்தேகமாக வராது, யாரோ நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன சேதி மாதிரி உறுதியாக வரும். திரும்பத் திரும்ப அழைப்பேன். ஒருநாள் நாற்பது தடவைக்கு மேல் அழைத்திருக்கிறேன். கடைசியில் அவர் எங்கோ மேட்டில் ஏறி நின்று, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டால், பயந்ததற்கெல்லாம் சேர்த்துத் திட்டித் தீர்ப்பேன். அரை மணி நேரத்தில், இவரைப் போல ஒரு மனுஷன் உலகத்திலேயே கிடையாது என்று அழுவேன். மறுநாள் உள்ளே எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருக்கும். சோறு இறங்காது, யாரைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எந்தத் தோழியும் என்னிடம் ஒரு வருடம் தாண்டியதில்லை. "ரெஜினாவுக்குக் கோவம் ஜாஸ்தி, ஆனா மனசு தங்கம்" என்பார்கள் ஊரில். அந்த இரண்டாவது பாதியை என் அம்மா மனசு நோகக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது ரத்தம் கம்மி என்றார்கள், தூங்க மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவாகச் சண்டை போட்டேன்.

ஒரு மழைக்காலம். திங்கட்கிழமை மலை ஏறியதிலிருந்து அவர் போன் கிடைக்கவில்லை. புதன்கிழமை காலைப் பாலை முடித்த கையோடு ஜெனியைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து மலை பஸ் ஏறிவிட்டேன். வளைவுகளில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வாயைத் துடைத்துவிட்டேன். அவர் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி, நாற்பது பிள்ளைகள் பார்க்க, எவளோடு குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று கத்தினேன். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடி வந்தார்.

"மூணு நாளா கரண்டே இல்லம்மா. போன் செத்துக் கெடக்குது. வா, உக்காரு, புள்ளைக்கி எதனா குடுப்போம்" என்றார் அந்தோணி.

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. செத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து அது வெறும் சொல்லாக நிற்கவில்லை. என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன். அதை விவரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், எனக்கும் விருப்பமில்லை. அப்பா பார்த்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்தேன். அதற்காக இன்று தினமும் சந்தோஷப்படுகிறேன்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் முதல் நாலு நாள் உடம்புக்கு வைத்தியம். அப்புறம் மனநல வார்டுக்கு மாற்றினார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சங்கிலி, ஓலம் என்று எதை எதையோ நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மற்ற வார்டு மாதிரி கட்டில்கள், மின்விசிறி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் கொண்டுபோன பையை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "கோச்சிக்காதீங்கக்கா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். ரத்தம், தைராய்டு, இதயத்துக்கு ஒரு வரைபடம் எல்லாம் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் காத்திருந்தோம். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என் காலில் செருப்பின் வாரை மாட்டிவிட்டார். எனக்கு முப்பது வயது.

அப்புறம் டாக்டர். சின்ன வயசுக்காரர். அவர் முதல் தடவை என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். எட்டு வருடமாக எல்லோருடைய பாலையும் சோதித்த என்னை ஒருவர் உட்கார வைத்துச் சோதித்தது அன்றுதான். சந்தோஷமும் துக்கமும் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார். நாளா? காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் நாலு தடவை மாறும் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பைபோலார் என்று ஒரு நோய் உண்டாம். அதில் மனநிலை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஒரே பக்கமாக நிற்குமாம். எனக்கு மணிக்கணக்கில், அதுவும் யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயத்தை ஒட்டியே மாறுவதால் அது இல்லை என்றார். இரண்டு மூன்று நாள் அம்மா, அப்பா, அந்தோணி என்று எல்லோரிடமும் விசாரித்த பிறகுதான் பெயரைச் சொன்னார்: பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்கிறார்கள்.

அம்மாவுக்கு ஆளுமை என்ற வார்த்தைதான் உறைத்தது. "அப்டீன்னா அவ கொணமே கெட்டதுன்றீங்களா டாக்டர்?" என்றார்.

"இல்லீங்கம்மா. நமக்கெல்லாம் மனசுக்குள்ள ரேடியோ மெதுவா பாடிக்கினு இருக்குது. இவங்களுக்கு எப்பவும் ஃபுல் சத்தம். பயம் வந்தாலும் ஃபுல்லு, பாசம் வந்தாலும் ஃபுல்லு. சத்தத்த கம்மி பண்ற பட்டன் எங்க இருக்குதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நாம சொல்லிக் குடுக்கலாம். பெரும்பாலும் நல்லா ஆயிடறாங்க."

அன்று நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. முப்பது வருடமாக என் பெயர்தான் நோயின் பெயர் என்று நினைத்திருந்தேன். அதற்கு வேறு பெயர் இருந்தது, அது மற்றவர்களுக்கும் வந்திருந்தது, நல்லா ஆயிடறாங்க என்று ஒருவர் சொன்னார். வாயைத் திறந்து அழுதேன். பக்கத்துக் கட்டில் பெண் பிஸ்கட் கொடுத்தாள்.

இந்த நோய்க்கென்று தனியாக மாத்திரை கிடையாது என்பதையும் டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை உதவும். மற்றபடி பேச்சும் பயிற்சியும்தான் வைத்தியம். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று பெரிய பெயர். பயம் பொங்கும்போது எதையும் உடைக்காமல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் அந்த நேரத்தைத் தாண்டுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் செயலாளரிடம் கேட்டு, சொசைட்டியில் என் இடத்தில் அப்பா உட்கார்ந்தார். இளகின மனசுக்காரர். ஊருக்கே அந்த இரண்டு வாரம் பால் திக்காக இருந்ததாம், நான் திரும்பி வந்தபோது பலருக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்டர் சொன்னபடி வயலுக்கு வாங்கிய மருந்துகளையெல்லாம் வீட்டிலிருந்து எடுத்து மோட்டார் கொட்டகையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரும் அப்பாதான். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். விவசாயம் செய்கிற எல்லா வீட்டிலும் இதைச் செய்யலாம், நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஜெனியை ஸ்டெல்லா அண்ணி கள்ளக்குறிச்சியில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அண்ணி அந்தோணிக்கு அக்கா. வார்டுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "நீ நல்லா ஆவற வரைக்கும் புள்ள எங்கிட்ட இருக்கட்டும் ரெஜினா. நீ நல்லா ஆயிட்டன்னா நானே கொண்டாந்து வுடுவேன்" என்றார். இப்போது அந்த வார்த்தைகளில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அப்போது என் காதில் விழுந்தது வேறு: இனி உனக்குப் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. ஜெனி வீட்டுக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் உளவியல் ஆலோசகர் மேடத்திடம் போக வேண்டும். திண்டிவனத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். முதல் நாளே ஒரு கார்டு கொடுத்தார். தினமும் சாயந்திரம் பயம், கோபம், துக்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஒரு நம்பர் போட வேண்டும். என்ன பயிற்சி செய்தோம் என்றும் எழுத வேண்டும். கட்டம் போட்ட கார்டு. பார்த்ததுமே எனக்குப் பழகின சாமானாகத் தெரிந்தது.

முதல் வாரம் உள்ளதை எழுதினேன். பயம் ஐந்து, நாலு, ஐந்து. மேடம் பார்த்துவிட்டு, "அடுத்த வாரமும் பார்ப்போம்" என்றார். எனக்கு அது பால் திருப்பி அனுப்பிய மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் நம்பர்தான் தீர்ப்பு. நல்ல நம்பர் என்றால் நல்ல ரேட், கெட்ட நம்பர் என்றால் வாளி திரும்பிப் போகும். கார்டில் நல்ல நம்பர் வந்தால் ஜெனி வருவாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாக் கட்டத்திலும் ஒன்று. சில நாள் ஒரு இரண்டு, நம்பும்படியாக இருக்கட்டும் என்று. கொஞ்ச நாளில் அதுவும் அலுத்துப்போய் வெறும் ஒன்று.

நாலு வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஜெனி வந்து ஞாயிறு வரை இருந்து பார்க்கட்டும் என்று வீட்டில் முடிவானது. அண்ணி நாலு மணிக்கே அவளைக் கூட்டி வந்தார். ஆறு மணிக்கு அந்தோணி வந்துவிட வேண்டும். வரவில்லை. ஆறரை. போன் போட்டேன், அந்தப் பெண் குரல். ஏழு.

"வந்துருவான் ரெஜினா, மலையில மரம் கிரம் வுழுந்திருக்கும்" என்றார் அண்ணி.

நீங்கள்தான் உங்கள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்து என்னைத் தள்ளி வைக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வந்ததெல்லாம் எழுத்தில் ஏறாது. போன் சுவரில் மோதி உடைந்தது, சாப்பாட்டுத் தட்டுகள் வாசல் வரை போயின. ஏழே முக்காலுக்கு முழங்கால் வரை சேற்றோடு அவர் வந்து நின்றார். சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, மழையில் கீழ்வரை நடந்து வந்திருக்கிறார். அப்போதுதான் ஜெனியைத் தேடினோம். கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அண்ணி வெளியே இழுத்தார்.

"நான் ஒண்ணியும் பண்ணல அத்த. அம்மாவ நான் ஒண்ணியும் சொல்லல" என்றாள்.

அண்ணி அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்து கார்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராகப் பயம் ஒன்று, கோபம் ஒன்று என்று எழுதினேன். அன்றைக்குக் கை கூசவில்லை. இப்போது கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை போனேன். மேடம் கார்டை வாங்கிப் பார்த்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஒங்க வேலைய பத்தி கேக்கணும்னு நெனைச்சிக்கினே இருந்தேன் ரெஜினா. பால்ல தண்ணி ஊத்தினா எப்டி கண்டுபுடிப்பீங்க?" என்றார்.

எனக்கு ஒரே குஷி. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்கிறார். "தண்ணி ஊத்தினா ரீடிங் எறங்கிடும் மேடம். அது சின்னப் புள்ள கூட கண்டுபுடிச்சிரும். சில பேரு கெட்டி. தண்ணி ஊத்திட்டு, எறங்கின ரீடிங்க ஏத்தறதுக்கு சக்கர கிக்கர எதனா கலந்து கொண்டாருவாங்க."

"அப்ப ரீடிங் சரியா இருக்குமே?"

"இருக்கும். அதான் மாட்டிக்குவாங்க. மாடு உசுரு உள்ளது மேடம். மழ பேஞ்சா ஒண்ணு காட்டும், பச்சைப் புல்லு மேஞ்சா ஒண்ணு காட்டும், காலையில ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு. மாசம் பூரா ஒரே நம்பர் வந்துச்சின்னா அந்த வாளிய நான் தனியா எடுத்து வெச்சிருவேன்."

சொல்லி முடித்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தேன். மேடம் இரண்டாவது வாரத்திலிருந்து நான் கொடுத்த கார்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. எனக்குக் காதுமடல் சுட்டது. ஊரில் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் எதிரில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவரோ தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். வெள்ளிக்கிழமை நடந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டிலுக்கு அடியில் குழந்தை கிடந்ததையும் சொன்னேன்.

"நான் ரேட் போடற ஆளு இல்லீங்க ரெஜினா" என்றார் கடைசியில். "ஜெனி எப்ப வருவான்றத இந்த நம்பர் முடிவு பண்ணாது. பயம் அஞ்சுக்கு ஏறும், ஏறட்டும். அந்த அஞ்சுல நீங்க இன்னா பண்றீங்கன்றதுதான் விஷயம். நீங்க ஒண்ணுன்னு எழுதினா, அஞ்சுக்கு உண்டானத நான் எப்டி சொல்லிக் குடுப்பேன்?"

உண்மையில் என் வைத்தியம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அடுத்த கார்டு முழுக்க நாலும் ஐந்தும். மேடம் அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார், வேலை வந்துவிட்டது என்கிற மாதிரி.

கற்றுக்கொண்டதெல்லாம் கேட்கச் சாதாரணமாக இருக்கும். பயம் ஐந்தைத் தொட்டால் முதலில் முகத்தில் ஜில்லென்று தண்ணீர் அடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். உடம்பு கொஞ்சம் இறங்கின பிறகு ஒரு கேள்வி: நடந்தது எது, நான் நினைத்தது எது? போன் கிடைக்கவில்லை, அது நடந்தது. அவர் விட்டுவிட்டார், அது நான் நினைத்தது. இதைப் பிரிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பாலில் தண்ணீரைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவளுக்கு இது வரவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வரும். பத்தொன்பதாவது தடவை போன் போடத் தோன்றினால் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து பிடுங்கியும் இருக்கிறேன். அதையும் கார்டில் எழுதினேன்.

அந்தோணிக்கும் பாடம் இருந்தது. நான் பயந்து கத்தும்போது வாதாடவும் கூடாது, பயந்துபோய் ஆமாம் போடவும் கூடாது. முதலில் என் பயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் விஷயம். மனுஷன் அதைச் சூத்திரம் மாதிரி ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார். அடுத்த சண்டையில், கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில், "ஒனக்கு பயமா இருந்துச்சி. அது எனக்குப் புரியிது" என்றார். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாங்க, ஹோம்வொர்க்கா?"

"ஆமாம்மா. தப்பா இருந்தா சொல்லு, மறுபடியும் எழுதறேன்."

ஒரு சனிக்கிழமை அவர் என்னைக் கரியாலூருக்குக் கூட்டிப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டி ஒரு பாறை. அதில் ஏறி நின்றால்தான் சிக்னல். ஏறி நின்று அவர் போனைக் கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு இருந்தது. கீழேயிருந்து மேகம் ஏறி வந்து தோட்டத்தை மூடியது, இரண்டு கோடும் போயின. தூறல் விழுந்தது.

"தெனமும் இங்கயா வந்து நிப்பீங்க?"

"ஆறு மணிக்கு. கொட எடுத்துக்கினு வருவேன். கெடச்சா பேசுவேன், கெடைக்கலன்னா கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவேன். டவர்தாம்மா போவுது. நான் போவல."

போன் கிடைக்காத அத்தனை சாயந்திரமும் இந்தப் பாறைமேல் இவர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலைமை ஆசிரியையின் வீட்டுக்குப் போய், வகுப்பு வாசலில் நின்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்த பேச்சு. பாதியில் அவர், "அத வுடும்மா. டீ ஆறுது பாரு" என்றார்.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஸ்டெல்லா அண்ணி ஜெனியைக் கொண்டுவந்து விட்டார். சொன்ன மாதிரியே, அவரே வந்தார். அவளுடைய துணிகளைத் துவைத்து மடித்து, கிழிந்திருந்த ஒரு பாவாடையைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அவரிடமே சொல்லி அழுதேன். "தெரியும், வுடு" என்றார் அண்ணி.

ஜெனி வந்துவிட்டாள், என் குறி நிறைவேறிவிட்டது என்று முதல் நாள் மிதந்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன். குழந்தை ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அழ வேண்டுமென்றால் தாத்தா வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் கொஞ்சம் வேகமாக நடந்தால் என் முகத்தைப் பார்த்தாள். வந்தவர்களெல்லாம், எவ்வளவு அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. மேடத்திடம் சொன்னேன். "அவளுக்கும் நாள் புடிக்கும் ரெஜினா. நீங்க அங்கயே இருங்க, அது போதும்" என்றார்.

அங்கேயே இருந்தேன். மாதங்கள் போயின. மேடத்தைப் பார்ப்பது மாதம் ஒருமுறை ஆனது, டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கோபம் இன்னும் வருகிறது. பயமும் வருகிறது. வந்துவிட்டுப் போகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், காலைப் பாலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜெனிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரே சிக்கு. அவசரத்தில் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. சீப்பைப் பிடுங்கித் தூர எறிந்தாள். தரையில் விழுந்து காலை உதைத்தாள்.

"நீ வேணாம் போ. நீ கெட்ட அம்மா. எனக்கு அத்ததான் வேணும்."

உலகத்தில் எந்த வார்த்தைக்கு நான் பயந்தேனோ அதே வார்த்தை. ஐந்து. குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன், மூச்சை மெதுவாக விட்டேன். நடந்தது எது? ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிக்கெடுத்தால் வலிக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வந்து அவளிடமிருந்து இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்.

"வலிச்சிச்சா? வலிக்குந்தான். அத்த வேணும்னா அழு. அம்மா இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

நன்றாக அழுதாள். தெருவுக்கே கேட்கும்படி, மூச்சு வாங்க, என்னைத் திட்டித் திட்டி அழுதாள். சொசைட்டியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பயந்த குழந்தை அடம் பிடிக்காது. என் மகள் என் வீட்டில், என் எதிரில், என்மேல் கோபப்பட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அழுது ஓய்ந்ததும் எழுந்து போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி மடியில் உட்கார்ந்தாள்.

"வலிச்சா மறுபடியும் கத்துவேன்" என்றாள்.

"கத்து" என்றேன்.